பார்க்கலாம்காரரின் பழைய கார்

பார்க்கலாம்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. தேடிக்கொண்டு எங்கும் போக வேண்டாம். செருப்புக் கடையில் இடது காலில் கறுப்பும் வலது காலில் பழுப்புமாகக் கண்ணாடி முன் நின்று, நாலு தப்படி நடந்து, திரும்பி வந்து, காலை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி நடந்து, கடைக்காரர் எடுத்துப் போட்ட பதினாறு பெட்டிகளுக்கு நடுவே அரை மணி நேரம் யோசித்துவிட்டு, கடைசியில் வீட்டிலிருந்து போட்டு வந்த பழைய செருப்போடு படியிறங்குகிறாரே, அவர்தான். ஹோட்டலில் கூட வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போது மெனு அட்டையின் இரண்டாம் பக்கத்தைத் திருப்புகிறாரே, அவரும்தான்.

இவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்தால் உங்களுக்கு விஷயம் தெரியவில்லை என்று பொருள். முடிவெடுப்பவர்தான் சோம்பேறி. ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறார். முடிவெடுக்காமலிருப்பதற்கு எவ்வளவு உழைக்க வேண்டும் தெரியுமா? விசாரிக்க வேண்டும். விசாரித்ததைக் குறித்துக்கொள்ள வேண்டும். குறித்ததைச் சந்தேகப்பட வேண்டும். சந்தேகத்தை இன்னொருவரிடம் கொண்டுபோய் விசாரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை கிடையாது. கஞ்சர்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். கஞ்சனுக்கு 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியும். பார்க்கலாம்காரருக்கு அதுவும் வராது.

நம்மவர் கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதிப்பவர். இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, மூக்கின்மேல் கனமான சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைச் செருகி, "இது தெளிவா?" என்பார். உருவி எடுத்து இன்னொன்றைச் செருகி, "இல்ல, இது தெளிவா?" என்பார். "ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது" என்று எதிரிலிருப்பவர் இழுத்தால் நம்மவருக்குச் சுருக்கென்று வரும். "ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. இதுக்கெல்லாமா யோசிப்பாங்க?" என்பார். இருபத்திரண்டு வருடமாக ஊராரை முடிவெடுக்க வைத்தே சம்பளம் வாங்குகிற மனிதர். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் மனைவி, "ஃபேன ரெண்டுல வைக்கட்டுமா, மூணுலயா?" என்று கேட்டால், "பாக்கலாம்" என்பார்.

இந்த மனிதரிடம்தான் கார் ஒன்று இருந்தது. சாம்பல் நிறம். மகளுக்கு இரண்டு வயதாகும்போது வாங்கியது. மகளுக்கு இப்போது பதினெட்டு. அந்தப் பதினாறு வருடத்தில் மகள் நிறைய கற்றுக்கொண்டாள், கார் ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வந்தது. பின்பக்கத்து இடது ஜன்னலை இறக்க இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்து, சுவரேறுகிறவனைப் போலக் கீழே இழுக்க வேண்டும். இடது பக்கம் வளைத்தால் ஹாரன் தானாக அடிக்கும். வலது பக்கம் வளைத்தால் ஹாரனை அமுக்கினாலும் அடிக்காது. சாவியைத் திருப்பினால் முதல் தடவை இருமும், இரண்டாம் தடவை யோசிக்கும், மூன்றாம் தடவை கிளம்பும். அந்த இரண்டாவது தடவைதான் நம்மவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

மகளுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று விவகாரம் ஆரம்பித்தது. கல்லூரி முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி. முதல் வருடப் பிள்ளைகள் காலை ஆறரைக்கே மாட்டுத் தொழுவத்தில் நிற்க வேண்டும். முதல் பஸ் போய்ச் சேருவது எட்டு மணிக்கு. மாடு அதுவரை காத்திருக்காது. ஆக, வழி இரண்டு. நம்பி ஓட்டக்கூடிய கார் ஒன்று, அல்லது ஹாஸ்டல். ஹாஸ்டல் என்றால் வருகிற மாதம் இருபதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் அப்பாவோ அம்மாவோ நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் இந்த வருடம் இடம் கிடையாது என்று கல்லூரிக் கடிதம் சொன்னது.

"ஹாஸ்டலெல்லாம் எதுக்கு? வீட்டுலேர்ந்தே போய்ட்டு வரட்டும்," என்றார் நம்மவர், கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே. அவர் யோசிக்காமல் ஒரு வாக்கியம் சொன்னதை வீட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை. காரணம் இருந்தது. தினமும் காலையில் அப்பாவும் மகளும் பேப்பரில் வரும் குறுக்கெழுத்துப் போட்டியைச் சேர்ந்து நிரப்புவார்கள். பென்சில் அவர் கையில் இருக்கும். இரண்டு சொல்லில் எது என்று அவர் விழித்துக்கொண்டிருக்க, "முதல் சொல்தான்பா, எழுதுங்க" என்று மகள் சொல்வாள். அப்புறம்தான் கட்டத்துக்குள் எழுத்து விழும். மகள் இல்லாத காலை எப்படி இருக்கும் என்று அந்தக் கடிதத்தைப் பிடித்திருந்த கை உடனே புரிந்துகொண்டது. தலைக்குத்தான் நேரமாயிற்று.

"எனக்கும் வீடுதான்பா வசதி," என்றாள் மகள். லைசென்ஸ் எடுத்து நாலு மாதமாகியிருந்தது. "ஆனா இந்தக் கார நம்பி விடியக்காலம் போக முடியாது. வேற கார் வாங்குங்க. இல்லன்னா இதையே பிரிச்சுச் சரி பண்ணிக் குடுங்க. ரெண்டுல ஒண்ணு."

"பாக்கலாம்மா."

"எப்ப?"

"நாப்பது நாள் இருக்கே!"

மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்க அட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதி பார்க்கிற கண். காலண்டரில் இருபதாம் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். "நாள் தாண்டினா மாத்திரை என்னாகும்னு எனக்குத் தெரியும்," என்றார். அவ்வளவுதான்.

முதல் காரியமாக நம்மவர் நீள நோட்டு ஒன்று வாங்கினார். கோடு போட்டார். இருபத்து மூன்று கட்டம். கார் பெயர், வயது, ஓடிய தூரம், டயர், பிரேக், பின் சீட்டில் முழங்கால் இடிக்குமா, சொன்னவர் யார், சொன்னவர் நம்பத் தகுந்தவரா, அவர் நம்பத் தகுந்தவர் என்று சொன்னவர் யார். கடைசிக் கட்டத்தின் தலையில் 'மனசுக்கு' என்று எழுதினார். அந்தக் கட்டம் மட்டும் கடைசிவரை நிரம்பவில்லை.

விசாரணை எங்கே நடந்தது என்கிறீர்களா? இருட்டறையில்தான். சட்டம் மாட்டிய மனிதனால் எழுந்து ஓட முடியாதே.

"இது தெளிவா?"

"தெளிவு."

"நீங்க என்ன கார் வச்சிருக்கீங்க?"

"சார், கடைசி வரியப் படிக்கணுமா, வேணாமா?"

"படிங்க, படிங்க. மைலேஜ் எப்படி?"

ஒருத்தருக்கு இடது கண்ணுக்கான பவரை வலது கண்ணுக்கு எழுதிக் கொடுத்ததாகக்கூடப் பேச்சு. நான் நம்பவில்லை. ஆனால் அந்த மாதம் அந்தக் கடையில் கண்ணைக் காட்டிய எல்லாருக்கும் நம்மவரின் கார் விவகாரம் தெரிந்திருந்தது.

இப்படி விசாரித்ததில் ஒரு வெள்ளைக் கார் கிடைத்தது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருடையது. வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, துடைத்து, திரும்ப உள்ளே விடுவாராம். நம்மவர் போய்ப் பார்த்தார். பிடித்தது. மனைவியோடு போய்ப் பார்த்தார். மனைவிக்கும் பிடித்தது. மகள் ஓட்டிப் பார்த்தாள். "இதாம்பா!" என்றாள். மூன்று பேருக்கும் பிடித்துவிட்டது என்றதும் நம்மவருக்குள் ஏதோ உஷாராகிவிட்டது.

"மழையில எப்படின்னு தெரியலையே," என்றார் வாத்தியாரிடம்.

"மழையிலயா?"

"உள்ள ஒழுகுதா, வைப்பர் சரியா துடைக்குதா... ஒரு மழை பெய்யட்டும் சார். அன்னைக்கு வந்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்."

"ஒரு வாளித் தண்ணிய மேல ஊத்திக் காட்டவா?"

"ஊத்தற தண்ணி வேற, பெய்யற தண்ணி வேற சார்."

மழை பெய்யவில்லை. நம்மவர் தினமும் கடை வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். ஒன்பது நாள் கழித்து நல்ல மழை. குடையை எடுத்துக்கொண்டு ஓடினார். வாத்தியார் வீட்டுக் கார் நிறுத்துமிடம் காலியாக இருந்தது. முந்தா நாள்தான் ஒரு பேக்கரிக்காரர் வந்து, கதவைத் திறந்து, மூடி, "எடுத்துக்கறேன்" என்று சொல்லி ஓட்டிக்கொண்டு போனாராம்.

நம்மவர் இடிந்துபோயிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இனத்தின் இயல்பு உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. நனைந்த குடையை மடக்கியபடியே, "நல்லவேளை!" என்றார் வீட்டில். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தேர்வு தள்ளிப்போன பள்ளிக்கூடப் பையனின் முகம். ஆனால் மறுநாள் முதல் அந்த வெள்ளைக் கார் வேறொன்றாக மாறிவிட்டது. அதற்குப் பிறகு பார்த்த நீலக் காரும் சிவப்புக் காரும் வாத்தியார் காரின் கால் தூசிக்கு வராமல் போயின. கையிலிருந்து நழுவிய பொருளைப் போல் குறையில்லாதது எது? பார்க்கலாம்காரர்கள் ஒவ்வொருவரிடமும் இப்படித் தவறவிட்ட வீடு ஒன்று, தவறவிட்ட வேலை ஒன்று, சில சமயம் தவறவிட்ட வரன் ஒன்று, பளபளவென்று இருக்கும்.

சரி, புதிதாக எதுவும் அமையவில்லை, பழையதையே பிரித்துச் சரி செய்யலாம் என்று மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார். காதை வைத்துக் கேட்டார். ஒரு போல்ட்டைச் சுண்டினார்.

"இஞ்சின இறக்கணும் சார். பத்து நாளாகும். பண்ணிட்டா இன்னும் அஞ்சாறு வருஷம் ஓடும்."

"பண்ணலாம்ங்கறீங்களா?"

"பண்ணலாம்."

"பண்ணாம விட்டா?"

"விடலாம். எப்ப நிக்கும்னு அதுக்கே தெரியாது."

"அப்ப மாத்திடலாம்ங்கறீங்களா?"

மெக்கானிக் டார்ச்சை அணைத்தார். "சார், மூணும் சொல்லியாச்சு. நீங்க ஒண்ணு சொல்லுங்க."

"உங்க சொந்தக் காரா இருந்தா நீங்க என்ன செய்வீங்க?"

"என் சொந்தக் காரா இருந்தா எப்பவோ உங்க தலையில கட்டியிருப்பேன்."

நம்மவர் சிரிக்கவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டார்.

தேதி பத்தைத் தாண்டிவிட்டது. இனி இஞ்சினை இறக்கினாலும் இருபதுக்குள் ஏற்ற முடியாது. மற்றவர்களானால் பதறியிருப்பார்கள். நம்மவருக்கு அப்போதுதான் யோசனை பளிச்சிட்டது. காரையே கேட்டுவிட்டால் என்ன? ஏழு நாள், தினமும் காலை ஐந்தரை மணிக்கு, மகள் கிளம்ப வேண்டிய அதே நேரத்தில், அதே சாலையில், தானே காரைக் கல்லூரி வாசல்வரை ஓட்டிப் போய்த் திரும்புவது. ஏழு நாளும் நிற்காமல் ஓடினால் பழையதே போதும். ஒரு நாள் நின்றாலும் உடனே புதுசு. இதைவிட நியாயமான பரிசோதனை உண்டா?

முதல் நாள் ஓடியது. இரண்டாம் நாளும் ஓடியது. நாலாம் நாள் கல்லூரிக் காவலாளி சலாம் வைத்தார். ஐந்தாம் நாள், "சார் எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டுவிட்டுக் கேட்டைத் திறந்துவிட்டார். நம்மவர் மறுக்கத் தெரியாமல் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். ஆறாம் நாளும் ஓடியது. ஏழாம் நாள், சிவப்பு விளக்கில் நின்ற கார், பச்சை விழுந்ததும் கிளம்பவில்லை. இருமியது. யோசித்தது. நெடுநேரம் யோசித்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கிளம்பியது.

"அப்ப நின்னுடுச்சு," என்றார் மனைவி.

"நின்னுச்சுன்னு எப்படிச் சொல்றது? சிக்னல்ல எல்லா வண்டியும்தான் நிக்கும்."

"அஞ்சு நிமிஷமா?"

"திரும்பக் கிளம்பிடுச்சே! முழுசா நின்ன மாதிரியும் சொல்ல முடியாது, ஓடின மாதிரியும் சொல்ல முடியாது. இன்னும் ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துட்டா தெளிவாயிடும்."

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. முன்பெல்லாம் காலையும் மாலையும் 'என்னப்பா ஆச்சு?' என்று கேட்டுக்கொண்டிருந்தவள், சில நாட்களாகக் காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயதுக்கு மீறிய பொறுமை என்று அவர் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அந்த இரண்டு நாளும் முடிந்து இருபதாம் தேதி வந்தது. மூன்று மணிக்கு மகள் கண்ணாடிக் கடைக்கே வந்து நின்றாள். கையில் பிளாஸ்டிக் உறை.

"கிளம்பலாமாப்பா?"

"எங்க?"

"காலேஜுக்கு. ஹாஸ்டல் கையெழுத்துக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"அதுக்குள்ளயா?"

கிளம்பினார்கள். சாவியைத் திருப்பினார். என்ன ஆச்சரியம், முதல் திருப்பிலேயே கார் கிளம்பிவிட்டது.

வண்டி ஊரைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறியபோதுதான் நம்மவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் மனம் துல்லியமாகத் தெரிந்தது. கார் நின்றுவிட வேண்டும். இங்கேயே, இந்தப் புளியமரத்தடியிலேயே நின்றுவிட வேண்டும். ஐந்து மணி தாண்டிவிட வேண்டும். மகள் வீட்டில் இருந்துவிட வேண்டும். பதினாறு வருடமாக நின்று நின்று பழகிய கார் இந்த ஒரு நாள் நிற்காதா? நிற்கவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வழுக்கிக்கொண்டு போயிற்று. இடது பக்கம் வளைத்தார், ஹாரன் அடிக்கவில்லை. வரிசையாக எல்லா விளக்கும் பச்சையாக விழுந்தன. வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்.

"அப்பா, சைக்கிள்காரர் நம்மளத் தாண்டிப் போறாரு."

"ரோடு சரியில்லம்மா."

"ரோடு போட்டு ஒரு மாசம்கூட ஆகல."

காரை நம்பியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு வாக்கியம் போதும். அது அவருக்குத் தெரிந்தே இருந்தது. 'ஹாஸ்டல் வேண்டாம்மா, நாளைக்கே கார் வாங்கிடறேன்.' அவ்வளவுதான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் 'நாளைக்கே' என்று சொல்லிவிடலாமா? நாளைக்குக் கிடைக்காவிட்டால்? 'இந்த வாரமே' என்பது நம்பும்படியாக இருக்கும். 'வாங்கிடறேன்' என்பதைவிட 'வாங்கிடலாம்' மேல், பின்னால் பேச்சு மாறியதாக ஆகாது. முதலில் 'ஹாஸ்டல் வேண்டாம்' என்று ஆரம்பிப்பதா, 'கார் வாங்கலாம்' என்று ஆரம்பிப்பதா? இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து எது தெளிவு என்று பார்த்துக்கொண்டே ஓட்டினார். வாக்கியம் ஒருவழியாக அமைந்தபோது கல்லூரிக் கேட் வந்துவிட்டது. காவலாளி சலாம் வைத்துத் திறந்துவிட்டார்.

ஹாஸ்டல் அலுவலகக் கவுண்டரில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மணி நாலே முக்கால். மகள் உறையிலிருந்து படிவத்தை எடுத்து வைத்தாள். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. அறை எண்கூட எழுதியிருந்தது. அவள் கையெழுத்துக்குக் கீழே தேதி இருந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி.

"எப்பம்மா நிரப்பினே?"

"நீங்க மழை வருமான்னு பாத்துட்டு இருந்தீங்கல்ல, அப்ப."

"எங்கிட்ட சொல்லவேயில்லயே?"

"சொன்னா, பாக்கலாம்னு சொல்வீங்க." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். "கையெழுத்து மட்டும் போடுங்கப்பா. மத்ததெல்லாம் ஆயிடுச்சு."

கவுண்டரிலிருந்த அம்மாள் பேனாவை நீட்டினார். நம்மவர் வாயைத் திறந்தார். முப்பத்தெட்டு கிலோமீட்டர் செதுக்கிய வாக்கியம் உள்ளே தயாராக இருந்தது. அதைச் சொல்ல இனி இடம் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

உண்மையை மறைக்கக் கூடாது. பேனாவைக் கீழே வைத்ததும் அவருக்கு முதலில் வந்தது வருத்தமல்ல, நிம்மதி. இருபத்து மூன்று கட்டத்தையும் யாரோ ஒரேயடியாகத் துடைத்துவிட்ட நிம்மதி. இந்த இனத்தார் எல்லாரும் தகவலுக்காகக் காத்திருப்பதாகச் சொல்வார்கள். உண்மையில் அவர்கள் காத்திருப்பது, கையிலிருக்கும் முடிவை வேறு யாராவது வந்து பிடுங்கிக்கொண்டு போகட்டும் என்றுதான். வருத்தம் சற்றுப் பின்தங்கி வந்தது. காருக்குத் திரும்பும் வழியில் தொழுவத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மகள் ஓடினாள். அவர் தனியாகக் காரில் உட்கார்ந்து காத்திருந்தார். பக்கத்து சீட் காலியாக இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் ஹாஸ்டலுக்குப் போய் ஒரு வாரம் ஆனதும் நம்மவர் தெம்பாகிவிட்டார்.

"இப்ப அவசரமே இல்ல," என்றார் மனைவியிடம். "இனிமே நிதானமா, நல்ல காரா பாக்கலாம்."

"பாருங்க," என்றார் மனைவி. "அவ படிச்சு முடிச்சு, மாட்டுக்கெல்லாம் வைத்தியம் பண்ணி ரிட்டயர் ஆகறவரைக்கும் பாருங்க."

நீள நோட்டு இப்போது இரண்டாம் பாகத்தில் இருக்கிறது.

போகட்டும், அவரை விடுங்கள். உங்களிடம் வருவோம். இதுவரை நன்றாகச் சிரித்தீர்கள். அலுவலகத்தில் இப்படி ஒருத்தர் இருக்கிறார், மச்சினன் அப்படியே இதே ரகம் என்றெல்லாம் நினைத்துக்கொண்டீர்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் உங்களிடம் ஏதோ ஒன்று கேட்டிருக்கிறார். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பயணமாக இருக்கலாம், ஓர் அறைக் கதவாக இருக்கலாம், ஒரு 'சரி'யாக இருக்கலாம். முதலில் தினமும் கேட்டார். பிறகு வாரத்துக்கு ஒருமுறை கேட்டார். இப்போது கொஞ்ச நாளாகக் கேட்பதில்லை. நல்ல பிள்ளை, புரிந்துகொண்டது என்று நீங்களும் நிம்மதியாக இருக்கிறீர்கள். எழுந்து போய் அது என்னவாயிற்று என்று விசாரித்துவிட்டு வந்துவிடுங்களேன்.

என்ன, இதைப் படித்து முடித்துவிட்டுப் போகிறீர்களா?

முடிந்துவிட்டது.